வாயில் வைத்த இழை

நகராட்சிப் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளை வெளியே போட்டுவிட்டு, குறுக்கே வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி மறைப்பாக்கியிருந்தார்கள். மெட்ராஸிலிருந்து டாக்டர்கள் வந்திருந்தார்கள். புற்றுநோய் தலைகாட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள் என்று, ஒலிபெருக்கி கட்டிய ஜீப் நெசவுத் தெருக்களில் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே சுற்றியது. ரயில் வேலைநிறுத்தம் நடந்த கோடை அது. ஊரில் பேசுவதற்கு அதைவிட்டால் இந்த முகாம்தான் இருந்தது.

காந்தாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. எதிர்வீட்டு எல்லம்மாள் வந்து கூப்பிட்டதால் போனாள். துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் எல்லம்மாள் எந்தப் புது இடத்துக்கும் போகமாட்டாள்.

முதலில் எல்லம்மாளைத்தான் பார்த்தார்கள். டாக்டர் டார்ச் அடித்து வாய்க்குள் சுற்றிப் பார்த்துவிட்டு, வெற்றிலை போடுவது உண்டா என்று கேட்டார். முன்பெல்லாம் நாள் முழுக்கப் போட்டதாகவும், போன ஆடியோடு விட்டுவிட்டதாகவும் எல்லம்மாள் சொன்னாள். விட்டது மிக நல்லது, வாய் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். வெளியே வந்தவள், உத்தியோகம் கிடைத்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டியா காந்தா? இந்தத் தெருவுலியே சுத்தமான வாய் என்னுதுதானாம்."

காந்தா சிரிக்கவில்லை. அவள் முறை வந்திருந்தது.

டார்ச் வெளிச்சம் அவள் வாயின் வலது ஓரத்தில் போய் நின்றது. டாக்டர் கன்னத்தை விரலால் விலக்கினார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் குனிந்து பார்த்தார். கஞ்சி காய்ந்து ஒட்டிக்கொண்டது போல உள்கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு கேள்விகள். புகையிலை? இல்லை. வெற்றிலை, சுண்ணாம்பு? விசேஷ நாளில்கூட இல்லை. குத்தும் பல் ஏதாவது? இல்லை.

"எதையாச்சும் அந்தப் பக்கம் வச்சு அடக்கிக்கிற பழக்கம் உண்டாம்மா? குச்சி, நூலு, இப்படி?"

பக்கத்து மேஜையில் வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள் மாதர் சங்கத்துத் தலைவி. அவள்தான் கலியாணசுந்தரம் முதலாளியின் மனைவி. அந்தத் தெருவில் பாதித் தறிகளுக்குப் பட்டும் பாவும் கொடுக்கிற வீடு அது. எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த அம்மாள் நிமிர்ந்து காந்தாவைப் பரிவோடு பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் காந்தா.

அது பொய்.

காந்தா பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு; அப்படி ஒரு பாவு நெய்து தீரும்போது, மிச்சம் நிற்கும் முனைகளை அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய முனையோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் இழைகள். ஒன்று தவறினால் புடவை முழுக்கக் கோடு விழும். தறிக் குழிக்குள் தனியாக உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு செய்கிற வேலை. மற்றவர்களுக்கு ஒரு பகல் முழுக்கப் பிடிப்பதை காந்தா மத்தியானத்துக்குள் முடித்துவிடுவாள். அவளுடைய விரல்களைப் பார்த்து ஊரே ஆச்சரியப்பட்டது. ஆனால் சூட்சுமம் விரலில் இல்லை. ஒரு கொத்து முனைகளை வாயின் வலது ஓரத்தில் அடக்கி, நாக்கால் ஈரம் பண்ணி, ஒவ்வொன்றாக உருவுவாள். காற்றில் பறக்கிற பட்டு, எச்சில் பட்டால் அடங்கி நிற்கும். இளவயதில் தானாக வந்த பழக்கம். கணவன் சபாபதிக்குக்கூடத் தெரியாது. முகூர்த்தப் புடவைக்கு எச்சில் பட்டது என்று தெரிந்தால் யார் வேலை கொடுப்பார்கள்?

வெறும் முகூர்த்தப் புடவையோடு அது நின்றிருந்தால் அன்றைக்கு டாக்டரிடம் மெல்லவாவது சொல்லியிருப்பாள்.

அந்தத் தெரு முனையில் ஓர் அம்மன் கோயில் உண்டு. ஆடி முதல் வெள்ளிக்குத் தெருவார் எல்லோரும் சேர்ந்து ஒரு புடவை நெய்து சாத்துவார்கள். அதற்கான பாவை முதலாளி வீட்டுத் தறியில்தான் ஏற்றுவார்கள். பிணைக்கிறவள் தலைக்குக் குளித்து, வாயில் ஒன்றும் போடாமல், கிண்ணத்தில் மஞ்சள் கலந்த தண்ணீர் வைத்துக்கொண்டு அதில்தான் விரலை நனைக்க வேண்டும். போன வருஷம் அந்த வேலைக்குக் காந்தாவையும் எல்லம்மாளையும் கூப்பிட்டார்கள். காலையில் எல்லம்மாள், மத்தியானம் காந்தா என்று மாறி மாறி உட்கார்ந்தார்கள். ஆனிக் கடைசி. காற்று எழுந்துவிட்டது. இழைகள் ஒரு சொல்லுக்கும் கட்டுப்படவில்லை. காந்தா யோசிக்கவே இல்லை. கை தன்னால் முனைகளை வாய்க்குக் கொண்டு போனது. அம்மன் புடவை என்று நினைவு வந்து துப்புவதற்குள் ஒரு விரற்கடை அகலம் பிணைத்து முடிந்திருந்தது.

எச்சில் பட்ட பட்டு காய்ந்தால் விறைத்து நிற்கும். மறுநாள் முதலாளியம்மாள் பாவைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். யார் வாயில் வைத்தது என்ற கேள்வி வந்தபோது, எல்லோருடைய கண்ணும் எல்லம்மாள் பக்கம்தான் திரும்பியது. எந்நேரமும் வெற்றிலை மென்றுகொண்டிருக்கிற வாய் அதுதானே. எல்லம்மாள் அம்மன் பேரில் சத்தியம் செய்தாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. திட்டவும் இல்லை. பரவாயில்லை, தெரியாமல் செய்திருப்பாய் என்று ஆறுதல் சொல்லி, அந்த இழைகளை அறுத்துவிட்டு மறுபடி பிணைக்கச் சொன்னார்கள், காந்தாவை. அதன் பிறகு எல்லம்மாளை நல்ல காரியத்துப் பாவுக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் வெற்றிலைச் செல்லத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள்.

காந்தா அன்று பேசாமல் இருந்தாள். நாளை சொல்லலாம் என்று இருந்தாள். நாளைகள் அப்படியே போய்விட்டன.

இப்போது அதே வாயில், அதே ஓரத்தில் வெள்ளைத் திட்டு.

எதுவும் போடாத வாயில் இப்படி வருவதுதான் சந்தேகமாக இருக்கிறது என்றார் டாக்டர். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு துளி சதை வெட்டிக் கொடுக்க வேண்டும், பரிசோதித்துச் சொல்வதற்குச் சில வாரம் ஆகும் என்றார். பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். பயப்படாதே என்று டாக்டர் சொன்னதை அவள் முதன்முதலாக அன்றுதான் கேட்டாள். அதனால் மிகவும் பயந்தாள். ஆனால் அவளுடைய பயம் மற்றவர்களுடைய பயம் மாதிரி இல்லை. இந்த நோயை யார் அனுப்பினது, எதற்கு அனுப்பினது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ரயில் ஓடாததால் பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு சபாபதி அவளை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் வந்தான். கன்னத்தில் தையல் போட்டு, பஞ்சு வைத்து அனுப்பினார்கள். அதற்குள் தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

மனிதர்கள் பொல்லாதவர்கள் இல்லை. பயந்தவர்கள். குழாயடியில் காந்தாவின் குடத்தை முதலில் வைக்கச் சொன்னார்கள். அவள் போனதும் குழாயைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். அது ஒட்டுகிற நோய் இல்லை என்று ஜீப்பிலேயே சொன்னார்கள். ஆனால் ஜீப்பில் சொன்னதை யார் வீட்டுக்குள் கொண்டு வருகிறார்கள்? பாவு பிணைக்கக் கூப்பிடுகிறவர்கள், உடம்பு தேறட்டும், நீ ஓய்வெடு என்று அன்பாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். முசரவாக்கத்தில் மகள் அலமுவுக்குப் பேசி முடித்திருந்த இடத்திலிருந்து மாமன்காரர் ஒருவர் வந்தார். தாம்பூலம் மாற்றுவதை ஐப்பசிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாமே என்றார். வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் சபாபதி வாசற்படியில் உட்கார்ந்து, தெருவே பார்க்கும்படி, காந்தா குடித்து வைத்த டம்ளரை எடுத்து மிச்சத் தண்ணீரைக் குடித்தான். எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கிறவன் அவன். உதட்டில் வைத்துக் குடித்தான். காந்தா உள்ளே போய் அழுதாள்.

அவளை அதைவிட வாட்டியது எல்லம்மாள்தான். தையல் போட்ட வாய் காரமும் சூடும் தாங்காது என்று, தினமும் காலையில் கேழ்வரகுக் கஞ்சியை ஆற்றி, மோர் விட்டு, சொம்பில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வருவாள். காந்தாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். மிச்சம் வைத்தால் அதே சொம்பில் தானும் குடிப்பாள். ஊர்க்கதை எல்லாம் சொல்வாள்.

"ஓரிக்கைக்குப் போய் எங்க அண்ணிகிட்ட சொல்லிட்டு வந்தேன். பாலாத்தங்கரையில ஒரு புள்ளையாரு இருக்குறாரு, அவருக்குத் தேங்கா ஒடைக்கறேன்னு வேண்டிக்கினாங்க. நீ குடி. நல்ல வாய்க்கு ஒண்ணும் வராது."

நல்ல வாய் என்ற சொல் கஞ்சியை விடக் கனமாக இறங்கியது. சொல்லிவிடலாம் என்று காந்தா வாயைத் திறப்பாள். வலிக்குதா, பேசாத என்று எல்லம்மாள் அடக்கிவிடுவாள். காந்தாவும் அடங்கிவிடுவாள். அடங்குவதற்கு ஒரு காரணம் கிடைத்ததே என்று உள்ளுக்குள் ஆறுதல்கூட வரும். அந்த ஆறுதலை நினைத்து அப்புறம் வெட்கப்படுவாள்.

கோயிலுக்குப் போய் நின்றாள். என்னைக் காப்பாற்று என்று வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. நோய் நிஜம் என்றால் சாவதற்கு முன் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன் என்று அம்மனிடம் சொன்னாள். சாகப்போகிறவளை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அப்படி வேண்டினாள்.

வைகாசி போய் ஆனி பிறந்த பிறகு முடிவு கேட்க மெட்ராஸுக்குப் போனார்கள். இந்த முறை பார்த்தது வயதான டாக்டரம்மாள். புற்றுநோய் இல்லை என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டாள். சபாபதி நின்ற இடத்திலேயே கும்பிட்டான். எதுவோ விடாமல் உரசி உரசித் தோல் தடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்றாள் டாக்டரம்மாள். என்ன வைக்கிறாய் என்று கேட்டாள்.

அங்கே முதலாளியம்மாள் இல்லை. காந்தா முந்தானை ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்து, வாயின் வலது ஓரத்தில் அடக்கி, உருவிக் காட்டினாள். சபாபதி அவளையே பார்த்தான்.

டாக்டரம்மாள் சிரித்துவிட்டாள். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா, கொஞ்ச நாள் நூலை நிறுத்திப் பார்த்திருப்போமேம்மா. கத்தியும் வேணாம், இத்தனை பயமும் வேணாம்."

பஸ்ஸில் சபாபதி ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. தூங்கிக்கொண்டே வந்தான். எத்தனையோ நாள் தூங்காதவன். அவன் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது. காந்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். உயிர் திரும்பிக் கிடைத்திருக்கிறது. சந்தோஷம் மட்டும் எங்கேயோ வழியில் இறங்கிவிட்டது.

அவள் ஒரு பொய் சொன்னாள். அந்தப் பொய்யால் டாக்டர் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகத்தால் மகளுடைய கல்யாணம் நின்றது, கணவன் ஊரெதிரே எச்சில் தண்ணீர் குடித்தான், எல்லம்மாள் கஞ்சி சுமந்தாள். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு பழைய மௌனம்.

வீட்டுக்கு வந்ததும் அலமு கட்டிக்கொண்டாள். முசரவாக்கத்துக்குச் சொல்லி அனுப்பியும் அங்கிருந்து பதில் வரவில்லை. ஒரு தரம் சந்தேகம் விழுந்த இடம் விழுந்ததுதான் போலிருந்தது. டாக்டர்களுக்கும் தவறும் என்று வேறு யாரோ பேசினார்கள்.

"போனா போவுது மா" என்றாள் அலமு. "நீ இருக்கிற. அது போதும் எனக்கு."

காந்தா மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்பைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் முதலாளியம்மாள் தானே வீட்டுக்கு வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம். அம்மன் காந்தாவைக் கைவிடவில்லை என்பது ஊரறிய நடந்துவிட்டது, இந்த வருஷம் அம்மன் பாவை அவள் ஒருத்தியே முழுக்கப் பிணைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். குழாயடியில் ஒதுங்கிய பெண்களும் கூடவே வந்து நின்றார்கள். அவர்கள் முகம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. காந்தா போய் உட்கார்ந்துவிட்டால் இரண்டு மாதம் நடந்தது எல்லாம் நடக்காததாகிவிடும். அவள் பேர் முன்னைவிட உயர்ந்துவிடும்.

சாகாமல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பிணைக்கிற நாளில் தலைக்குக் குளித்துவிட்டு முதலாளி வீட்டுக் கூடத்துக்குப் போனாள். தறிக்குப் பக்கத்தில் சாம்பலும் மஞ்சள் தண்ணீர்க் கிண்ணமும் தயாராக இருந்தன. அரக்குச் சிவப்பில் பாவு விரிந்து கிடந்தது. பெண்கள் சுற்றி நின்றார்கள். காந்தா குழியில் இறங்கவில்லை.

"போன வருசம் இழைய வாயில வச்சது எல்லம்மாக்கா இல்லீங்க. நான்தான்" என்றாள்.

முதலாளியம்மாள்தான் மெல்லக் கேட்டாள். "டாக்டர் கேக்கும்போதுகூட இல்லன்னியே காந்தா."

"நீங்க பக்கத்துல இருந்தீங்கம்மா."

அந்த அம்மாள் கையிலிருந்த குங்குமச் சிமிழை மூடினாள். போன வருஷம் எல்லம்மாளுக்குத் தான் சொன்ன ஆறுதல் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு, எல்லம்மாளைக் கூப்பிட ஆள் அனுப்புகிறேன் என்றாள். காந்தா தானே போவதாகச் சொல்லிவிட்டு நடந்தாள்.

எல்லம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். காந்தா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்; அம்மன் பாவு பிணைக்க முதலாளியம்மாள் கூப்பிடுவதையும் சொன்னாள். முறம் நின்றது. அரிசியில் கல் தேடுகிற மாதிரி எல்லம்மாள் குனிந்தே இருந்தாள்.

"ஒரு வருசமா" என்றாள் கடைசியில். "நான் வைக்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா எல்லாரும் சொல்ல சொல்ல, தெரியாம வச்சிட்டனோன்னு ஆயிடுச்சு காந்தா. தூக்கத்துல எழுந்து என் வாய நானே தொட்டுப் பார்ப்பேன். அதுக்குத்தான் வெத்தலைய விட்டேன். பாவம் பண்ண வாயின்னு."

காந்தா அவள் காலடியில் உட்கார்ந்தாள். காலைத் தொடப் போனாள். எல்லம்மாள் காலை இழுத்துக்கொண்டாள்.

"வாணாம். இப்ப வாணாம். எனக்குக் கோவம் வருது. வந்துட்டுப் போவட்டும்."

காந்தா அங்கேயே இருந்தாள். தெருவில் யாரோ தறிக்கட்டையை இழுத்துக்கொண்டு போனார்கள். எல்லம்மாள் முறத்து அரிசியைப் பானையில் கொட்டினாள், வீட்டைப் பெருக்கினாள், பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினாள். அப்புறம் கொடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தலையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு வெளியே வந்தவள் காந்தாவைத் தாண்டி வாசல் வரை போய் நின்றாள்.

"நாளைக்கு கஞ்சி கிடையாது. நீயே காச்சிக் குடி" என்றாள். பிறகு, "எழுந்து வா. அவ்ளோ பெரிய பாவ நான் ஒருத்தியே எப்ப முடிக்கறது?"

முதலாளி வீட்டில் ஒரு கிழவி, தப்புச் செய்தவள் அம்மன் பாவைத் தொடலாமா என்று முணுமுணுத்தாள். முதலாளியம்மாள் எல்லம்மாளைப் பார்த்தாள். எல்லம்மாள் குழியில் இறங்கி, பாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, வலது ஓரத்தில் இடம் விட்டாள். காந்தா உட்கார்ந்தாள். அவர்களுக்குப் பின்னால் முதலாளியம்மாள் இன்னொரு கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர் எடுத்துவந்து, எல்லம்மாள் பக்கத்தில் தன் கையாலேயே வைத்து, ஒரு கணம் அவளுடைய தோளைத் தொட்டாள். அந்தத் தொடுதலில் கேட்க வேண்டிய மன்னிப்பு கேட்கப்பட்டதா என்று எல்லம்மாள் யாரிடமும் சொல்லவில்லை.

காற்று இருந்தது. இழைகள் பறந்தன. காந்தாவின் கை முனைகளைக் கூட்டி எடுத்தது, பழக்கத்தில் மேலே எழுந்தது, பாதியில் நின்றது. எல்லம்மாள் தலை நிமிரவில்லை. தன் பக்கத்துக் கிண்ணத்தை இடது கையால் தள்ளி, காந்தாவின் முழங்காலுக்கு அருகே கொண்டுவந்து வைத்தாள். காந்தா விரலை நனைத்து முதல் இழையை முறுக்கினாள். அன்று அவள் மெதுவாகத்தான் பிணைத்தாள். விளக்கு வைக்கும் நேரம் ஆகியும் அவளுடைய பக்கம் முடியவில்லை. எல்லம்மாள் தன் பக்கத்தை முடித்துவிட்டு, எழுந்து போகாமல், அவளுடைய ஓரத்திலிருந்து எடுத்துப் பிணைக்கத் தொடங்கினாள்.